ஏழாம் ஒப்படைப்பு

பல்செட்காரருக்குத் தூக்கம் வராது. அது பழக்கம் என்று அவர் சொல்லுவார். வியாதி என்று அவர் மனைவி சொல்லுவாள். முப்பது வருடமாக அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துப் பல் செய்து கொடுக்கிற மனிதர். பகலெல்லாம் பிளாஸ்டர் அச்சு, மெழுகு, அரம் என்று கிடந்துவிட்டு, ராத்திரியில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மனைவி பொறுமை இழந்தாள்.

"எப்படியும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கப் போறீங்க. வெளியே போய் நாலு பேருக்கு உபயோகமா முழிச்சிருங்களேன்" என்றாள்.

அந்த வாரம்தான் வட்டாரத்தில் இரவு ரோந்துக் குழு ஆரம்பித்திருந்தார்கள். இப்படியாக அவர் சமூக சேவைக்கு வந்து சேர்ந்தார்.

போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் கடையைப் பூட்டும்போது, எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைப் படியில் ஒரு பிள்ளை அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தார். காலையில் வந்து விசாரித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார். காலையில் அட்டைப்பெட்டி மட்டும்தான் இருந்தது. அவருடைய தூக்கம் சுத்தமாகப் போனது அன்றைக்குத்தான்.

குழுவின் முழுப்பெயர் 'வீட்டை விட்டு வெளியேறிய மற்றும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான பொதுமக்கள் இரவுப் பாதுகாப்பு ரோந்துக் குழு'. ஒளிரும் மேல்சட்டையின் முதுகில் அதை அச்சடிக்கக் கொடுத்தபோது இடம் போதவில்லை. அச்சுக்காரர் முடிந்தவரை அடித்துக் கொடுத்துவிட்டார். அதனால் பதினாறு உறுப்பினர்களும் முதுகில் 'வீட்டை விட்டு வெளியேறிய மற்றும் ஆதரவற்ற' என்று போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் மனமிரங்கி எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

தலைவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், சுத்தமானவர், ஒரு கப் தண்ணீர் குடித்தாலும் தரையில் சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஓய்வு பெறும்போது தொழிற்சாலையில் அவருக்கு ஒரு பலகையைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். வாசலில் மாட்டி வைப்பார்களே, 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளக் கொக்கி போட்ட பலகை, அதுதான். அவ்வளவு நல்ல பலகை வீட்டில் சும்மா கிடப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. 'விபத்து' என்பதை அழித்து 'குழந்தை' என்றும், 'நாட்கள்' என்பதை அழித்து 'இரவுகள்' என்றும் பெயின்ட்டால் எழுதி, குழு அலுவலக வாசலில் மாட்டினார். வந்த வினையெல்லாம் அதில் தொடங்கியது.

முதல் வாரத்தில் குழு நன்றாகத்தான் வேலை செய்தது. பேருந்து நிலையத்தில் ஒரு பிள்ளை, மார்க்கெட் பின்பக்கம் ஒரு பிள்ளை என்று இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் காப்பகத்தில் சேர்த்தார்கள். பல்செட்காரர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் தூங்கினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பலகையில் இருந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. இரண்டாவது தடவை அந்த எண்ணை மாற்றும்போது தலைவர் கொக்கியை மூன்று முறை தவறவிட்டதைச் செயலாளர் பார்த்தார். செயலாளர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்ற அம்மாள். எதையும் பார்த்த உடனே எழுதிவிடுவார்.

மறுநாளே தலைவர் அவசரக் கூட்டம் போட்டார்.

"இது எப்படி நடந்துச்சுன்னு நாம தெரிஞ்சுக்கணும். யாரையும் குறை சொல்றதுக்கு இல்ல. இனிமே நடக்காம இருக்கணும், அவ்வளவுதான். எங்க தொழிற்சாலையில ஒரு முறை உண்டு. அஞ்சு தடவை ஏன்னு கேட்டா மூலக் காரணம் வெளியே வந்துடும்" என்றார் தலைவர்.

மார்க்கெட்டில் பிள்ளையைக் கண்டுபிடித்தவர் ஒரு சலவைக்கடைக்காரர். அவரை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"குழந்தை ஏன் கிடைச்சுது?"

"தள்ளுவண்டிக்கு அடியில டார்ச் அடிச்சேன் சார்."

"ஏன் அடிச்சீங்க?"

"குனிஞ்சேன், அப்படியே வெளிச்சம் போச்சு."

"ஏன் குனிஞ்சீங்க?"

"ஷூ கயிறு அவுந்துடுச்சு."

"ஏன் அவுந்துச்சு?"

"பழைய கயிறு சார்."

"ஏன் பழைய கயிறு போட்டீங்க?"

சலவைக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மூலக் காரணம் வெளியே வந்துவிட்டது. இனி உறுப்பினர்கள் கயிறு இல்லாத செருப்போ ஷூவோ மட்டுமே அணிய வேண்டும், டார்ச் வெளிச்சம் இடுப்புக்குக் கீழே போகக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. சலவைக்கடைக்காரர் ஒரு வாரம் கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு மறுபயிற்சி எடுத்தார்.

பல்செட்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "சார், ஆறாவதா ஒரு ஏன் இருக்கே. அந்தப் பிள்ளை ஏன் வீட்டை விட்டு வந்துச்சு?"

தலைவர் கோபப்படவில்லை. அவர் என்றைக்குமே கோபப்படமாட்டார். "முறையில அஞ்சுதான் இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் ரோந்து ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஒன்பதரை மணிக்கு வரிசையில் நின்று உறுதிமொழி. பிறகு வருகைப் பதிவு. பிறகு முன்னால் ஒருவர் நூறு தப்படிக்கு ஒரு விசில் ஊதிக்கொண்டு போக, மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகப் பின்னால் போனார்கள். தொழிற்சாலையில் சரக்கு வண்டி பின்னுக்கு வரும்போது இப்படித்தான் ஊதுவார்களாம். வட்டாரத்தில் எந்தப் பிள்ளை எங்கே படுத்திருந்தாலும் அரைத் தெரு தூரத்திலேயே குழு வருவது தெரிந்துவிடும். இவர்கள் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் அவர்கள் பாலத்துக்குப் போவார்கள். இவர்கள் பாலத்துக்குப் போனால் அவர்கள் மார்க்கெட்டுக்கு வருவார்கள். இடையில் எங்காவது இரு தரப்பும் எதிர்ப்பட்டால் டார்ச் வெளிச்சம் இடுப்புக்கு மேலே இருக்கும், பிள்ளைகளின் தலை இடுப்புக்குக் கீழே இருக்கும். ஒரு சண்டை சச்சரவு இல்லை.

"விசில் ஊதினா ஓடிடுவாங்களே சார்" என்று பல்செட்காரர் ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"அதுதான் தடுப்பு நடவடிக்கை" என்றார் தலைவர்.

எண் ஏறியது. இருபத்தைந்தில் எல்லோருக்கும் பேனா கொடுத்தார்கள். ஐம்பதில் கேக் வெட்டினார்கள். எண்பதில் பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒரு குழு வந்து பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. காப்பகத்தில் இந்த வட்டாரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த எட்டுக் கட்டில்களை, தேவைப்படவில்லை என்று எடுத்து ஒரு அலுவலகப் பயிற்சி விடுதிக்குக் கொடுத்துவிட்டார்கள். நூறாவது இரவு முடிந்ததும் மண்டல அதிகாரி நேரில் வந்து பாராட்டுவதாகக் கடிதம் வந்தது. தலைவர் அந்தக் கடிதத்தைப் பலகைக்குக் கீழே ஒட்டி வைத்தார்.

தொண்ணூற்று ஏழாவது இரவில் பல்செட்காரர் காதில் ஒரு சத்தம் விழுந்தது.

விசில்காரர் முன்னால் போய்விட்டிருந்தார். இவர் கால் வலியால் பின்தங்கி, மூடிக் கிடந்த ஒரு சினிமா கொட்டகையின் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளேயிருந்து நறநறவென்று மெல்லிய சத்தம். எலி கொறிப்பதாக வேறு யாரும் நினைத்திருப்பார்கள். இவருக்கு அது என்ன சத்தம் என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற சத்தம். அதுவும் பால்பல். அப்படிக் கடிக்கிற பிள்ளை பயந்துபோயிருக்கிற பிள்ளை என்பது முப்பது வருட அனுபவத்தில் அவருக்குத் தெரியும்.

டார்ச்சை அணைத்துவிட்டு, வலிக்கிற காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். ஒரு சிறுமி கண் விழித்து அவரைப் பார்த்தாள். ஓடுவதற்கு வழி இல்லாததால் ஓடவில்லை.

"நான் பல் செய்யறவன்மா. பயப்படாத. பசிக்குதா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்ல வாய் திறந்தபோது தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார். மேலே நடுப்பல் இரண்டும் முழுசாக வந்திருந்தன, பக்கத்துப் பல் பாதிதான் எட்டிப் பார்த்தது. எட்டு வயது. கடைவாய்ப் பால்பற்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. வலது மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம் இருந்தது.

"என்னைத் திரும்பப் பெரியம்மா வீட்டுல கொண்டுபோய் விடுவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"மாட்டேன்" என்றார் அவர். யோசிக்காமல்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தபோதும் அதே பதில்தான் வந்தது.

அம்மா வெளியூரில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. பெரியம்மா வீட்டில் இரண்டு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இவள். குழந்தை அழுதால் இவளைக் கட்டிப் போடுவார்கள். இதை அவள் மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பல்செட்காரர் அவள் கையைப் பிடித்து நேரே குழு அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். அதுதானே குழுவின் வேலை என்று அவர் அப்போது நம்பிக்கொண்டிருந்தார்.

தலைவர் சிறுமியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அப்புறம் பல்செட்காரரை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்.

"டார்ச்சுல பார்த்தீங்களா?"

"இல்ல சார். பல் கடிக்கிற சத்தம் கேட்டுச்சு."

தலைவர் முகத்தில் உயிர் வந்தது. "அப்ப இது கண்டெடுப்பு ஆகாது. பார்த்தாத்தான் கண்டெடுப்பு. கேட்டது வேற வகை. எங்க தொழிற்சாலையில மேலேருந்து ஒரு இரும்பு விழுந்து ஆள் மேல படலேன்னா அதை நூலிழைத் தப்புன்னு சொல்லுவோம். எண் மாறாது. தனி நோட்டுல எழுதிக்கலாம்."

"நூலிழைத் தப்பு, ஒன்று" என்று செயலாளர் எழுதினார்.

"இந்தப் பொண்ணை இப்ப எங்க சார் விடறது?"

"இன்னும் மூணே நாள். நூறு முடிஞ்சதும் நூத்தி ஒண்ணாவது ராத்திரி முறைப்படி கண்டெடுத்துடலாம். அதுவரைக்கும் இது எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும்."

"எங்க வீட்டுல வச்சுக்கறேன் சார். என் சம்சாரம் பார்த்துக்குவா."

தலைவர் அதிர்ந்துபோனார். "உறுப்பினர் யாரும் ஒரு குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. விதி ஒன்பது. குழந்தைகளோட பாதுகாப்பு விஷயத்துல நாம விளையாட முடியாது."

பல்செட்காரர் அவள் கையை விடாமல் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த ஏட்டய்யா பேப்பரிலிருந்து தலை எடுத்து, "குழுவோட கண்டெடுப்பு எண் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "உங்க ஏரியாவுல குழந்தையே கிடையாதே, போர்டுலயே போட்டிருக்கே" என்றார். பல்செட்காரர் காப்பகத்துக்குப் போன் போட்டார். அங்கே பேசிய பெண் மரியாதையாகப் பேசினாள். எண் இல்லாமல் சேர்க்க முடியாது, எண் இருந்தாலும் கட்டில் இல்லை, கட்டில் வேண்டுமென்றால் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

விதி ஒன்பதில் வீடு என்றுதான் இருந்தது. கடை என்று இல்லை. சிறுமி மூன்று நாள் பல்செட் கடையின் பின்னறையில் இருந்தாள். மனைவிதான் அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். இரவில் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். பகலில் பல்செட்காரர் சிறுமியிடம் ஒரு தட்டு நிறையப் பல்லைக் கொடுத்து, வெள்ளையிலிருந்து பழுப்பு வரைக்கும் நிறவாரியாக அடுக்கச் சொன்னார். அவருக்கே சந்தேகம் வரும் இரண்டு நிறங்களை அவள் தயங்காமல் பிரித்து வைத்தாள். ஒரு பெரியவர் பல்லை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் சிரித்துப் பார்த்தபோது அவளும் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாவது ராத்திரி அவள் பல்லைக் கடிக்கவில்லை. பல்செட்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு சத்தமும் இல்லை. அவரும் தூங்கிவிட்டார்.

"நாமளே வளர்த்துடலாமாங்க?" என்று மனைவி மறுநாள் காலையில் கேட்டாள்.

"அதுக்கும் எண் வேணுமாம்" என்றார் அவர். "சாயங்காலம் விழா முடிஞ்சதும் எண் கொடுத்துடுவாங்க. கேட்டுப் பார்க்கலாம்."

விழாவுக்கு மண்டல அதிகாரி வந்தார். பலகையில் '100' தொங்கியது. தலைவர் இருபது நிமிடம் பேசினார். "இந்த நூறு இரவுகளில் ஒரு குழந்தைகூட எங்கள் கண்ணில் படவில்லை. அதற்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தொட்டுக் காட்டினார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். சலவைக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மண்டல அதிகாரி எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு சின்ன விஷயம். தலைமை அலுவலகத்துல இந்த வருஷத்திலேருந்து அளவுகோலை மாத்திட்டாங்க. பூஜ்யம்னா என்ன அர்த்தம்னு மேல கேக்கறாங்க. ஒண்ணு, குழந்தைங்க இல்ல. இல்லேன்னா, நீங்க இல்ல. அதனால இனிமே எத்தனை குழந்தையை ஒப்படைச்சீங்கங்கறதுதான் கணக்கு. போன மாசம்கூட நான் பூஜ்யத்தைப் பாராட்டி ஒரு இடத்துல பேசினேன். அப்ப அது சரி. இப்ப இது சரி. ரெண்டையும் நான் முழு மனசோடதான் சொல்றேன்."

தலைவர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருட அனுபவம் வீண்போகவில்லை. கண்ணைத் திறந்ததும் எழுந்து நின்றார்.

"எங்ககிட்ட ஒண்ணு தயாரா இருக்கு சார்" என்றார். பிறகு பல்செட்காரர் பக்கம் திரும்பி, "கடையில இருக்கில்ல, கூட்டிட்டு வாங்க" என்றார்.

தலைவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பல்செட்காரருக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கடைசியில் எண் கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் கால் வலியை மறந்து ஓடினார். சிறுமிக்கு மனைவி நல்ல சட்டை போட்டுவிட்டாள். "எங்க போறோம் மாமா?" என்று அவள் கேட்டபோது, "உன் பேரை எழுதிக்கப் போறாங்க. அவ்வளவுதான்" என்றார். தன் கையாலேயே அவளைக் கூட்டிவந்து மேடையில் நிறுத்தினார்.

படிவத்தை நிரப்பும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. காப்பகத்தில் விட்டால் அது நிலுவை. உறவினரிடம் விட்டால்தான் ஒப்படைப்பு. நிலுவைக்கு மதிப்பெண் கிடையாது.

"சார், அந்த வீட்டுல கட்டிப் போடறாங்க. கையைப் பாருங்க. திரும்ப அனுப்ப மாட்டேன்னு நான் வாக்கு கொடுத்திருக்கேன்."

தலைவர் படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே செய்யவில்லை, உண்மையாகவே தேடினார். "வாக்குக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

"என்கிட்டயாவது கொடுங்க. எனக்கும் என் சம்சாரத்துக்கும் யாரும் இல்ல."

"நீங்க உறவா?"

"இல்ல."

"அப்ப நீங்க கண்டெடுத்தவர். கண்டெடுத்தவரே பெற்றுக்கொண்டவரா இருக்க முடியாது. தொழிற்சாலையிலும் அப்படித்தான். பொருளை அனுப்பறவர் ஒருத்தர், வாங்கறவர் ஒருத்தர். இல்லேன்னா எது வேணா நடக்கும் பாருங்க."

பெரியம்மா ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். கண்ணீர் விட்டாள். மண்டல அதிகாரி அவளுக்கு 'ஒத்துழைப்பு நல்கிய குடும்பம்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். சிறுமி போகும்போது பல்செட்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் வெறுமனே பார்த்தாள்.

பலகை மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. 'ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள்: 1'. விசில் நிறுத்தப்பட்டது. டார்ச் வெளிச்சம் இடுப்புக்கு மேலே போகக் கூடாது என்று தீர்மானம் வந்தது. கயிறு வைத்த ஷூ கட்டாயமானது. ஆனால் நூறு இரவுகளாக விசில் கேட்டுப் பழகிய பிள்ளைகள் வட்டாரத்தை விட்டே போய்விட்டிருந்தார்கள். தேடித் தேடிப் பார்த்தும் யாரும் அகப்படவில்லை. குழு தவித்துப்போனது.

பத்தாம் நாள் அதே சிறுமி பேருந்து நிலையத்தில் அகப்பட்டாள். தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏற்கெனவே ஒப்படைச்ச பொண்ணுதானே சார், இதையும் எண்ணலாமா?" என்று சலவைக்கடைக்காரர் கேட்டார்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை விழுந்தா ரெண்டு விபத்துதானே?" என்றார் தலைவர்.

பலகையில் இரண்டு ஏறியது. அப்புறம் மூன்று. அவளுக்கு ஓட வேறு ஊர் தெரியாது. பேருந்து நிலையம், மார்க்கெட், கொட்டகை, இவ்வளவுதான் அவள் உலகம். பல்செட் கடைக்கு மட்டும் அவள் வரவே இல்லை. அது ஏன் என்று பல்செட்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. கடைக்கதவை ராத்திரியில் பூட்டாமல் வைத்துப் பார்த்தார். பயன் இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. மறுபடி காவல் நிலையம் போனார். இப்போது எண் இருந்தது, ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. ஏட்டய்யா மூன்றையும் பார்த்துவிட்டு, "மூணு தடவை பத்திரமா வீட்டுல சேர்த்திருக்காங்க. நல்ல வீடுன்னு குழுவே எழுதிக் கொடுத்திருக்கு. இன்னும் என்னங்க?" என்றார். காப்பகத்தில் கட்டில் திரும்பக் கிடைத்திருந்தது. ஆனால் விலாசம் உள்ள குழந்தையை அங்கே சேர்க்க மாட்டார்களாம். இவளுக்கு மூன்று படிவத்திலும் விலாசம் தெளிவாக, செயலாளரின் அழகான கையெழுத்தில் இருந்தது. மனைவி ஒருநாள் பெரியம்மா வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். வாசல் கூடத்தில் மூன்று சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பெரியம்மா உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, "பொண்ணு தூங்குது" என்றாள். பகல் பதினொரு மணி. மனைவி திரும்பி வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ராஜினாமா பண்ணிடுங்க" என்றாள்.

"பண்ணிட்டா அவகூட நடந்துபோறதுக்கு ஆள் இருக்காது" என்றார் அவர். உண்மைதான். மற்றவர்கள் கூட்டிப்போனால் சிறுமி தெருவில் உட்கார்ந்துகொள்வாள், இழுக்க வேண்டியிருக்கும். இவர் கையைப் பிடித்தால் சத்தமில்லாமல் வருவாள். அதனால் குழு அவருக்கு 'முதன்மை ஒப்படைப்பாளர்' என்று பதவி கொடுத்திருந்தது. மேல்சட்டையிலும் எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை இடம் போதியது.

ஏழாவது ஒப்படைப்பு ஒரு சாயங்காலம் நடந்தது. ஏழு என்பது மண்டலத்திலேயே முதலிடம் என்பதால் போட்டோக்காரர் வந்திருந்தார். தலைவர் சிறுமியை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார்.

"குழுவைப் பத்தி நாலு வார்த்தை பேசும்மா. மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லு" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். பக்கத்துப் பற்கள் இப்போது முழுசாக வந்துவிட்டிருந்தன. பால்பல் ஒன்று உடைந்திருந்தது. தானாக உடைகிற இடத்தில் உடையவில்லை என்பதைப் பல்செட்காரர் பார்த்தார்.

"இனிமே என்னைக் கண்டுபிடிக்காதீங்க" என்றாள்.

போட்டோக்காரர் காமிராவைக் கீழே இறக்கினார். முதலில் தலைவர்தான் கை தட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். செயலாளர் குறிப்பேட்டில், 'சிறுமி நன்றி தெரிவித்தாள்' என்று எழுதினார்.

படிவம் பல்செட்காரர் முன்னால் வந்தது. முதன்மை ஒப்படைப்பாளர் கையெழுத்து. அவர் பேனாவை எடுக்கவில்லை.

"போட மாட்டேன் சார்" என்றார். "ஆறு தடவை போட்டேன். இனிமே இந்தக் கை போடாது. என்ன வேணா பண்ணிக்கோங்க."

தலைவர் வழக்கம்போல் கோபப்படவில்லை. "அவசரம் இல்ல. நீங்க யோசிச்சுப் போடுங்க. நாங்க இருக்கோம்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மின்விசிறி சுற்றியது. கால்மணி நேரம் ஆனது. பல்செட்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சரியான காரியம் செய்கிறோம் என்று அவருக்குப் பட்டது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

சிறுமி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போட்டுடுங்க மாமா" என்றாள் தாழ்ந்த குரலில். "இருட்டுன அப்புறம் போனா இன்னும் அதிகமா அடிப்பாங்க."

அவர் பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை. செயலாளர் தன் பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்து கையை நீட்டினார். அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய கால் வலிக்காகக் கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.